தமிழ் வாசிக்கத் திணறும் குழந்தை: டிஸ்லெக்சியாவை அறிந்துகொள்வதும் துணைநிற்பதும்

மூன்றாம் வகுப்பை முடிக்கப்போகும் ஒரு குழந்தை, கேட்ட கதையை நிகழ்ச்சி மாறாமல் திரும்பச் சொல்கிறது. பாடத்திலிருந்து கேள்வி கேட்டால் வாய்மொழியாகச் சரியான விடை தருகிறது. ஆனால் அதே பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்து, வரியின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. வாய்ப்பேச்சுக்கும் வாசிப்புக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி தெரியும்போது, வாசிக்கக் கற்பதையே கடினமாக்கும் டிஸ்லெக்சியாவாக இருக்கலாமா என்று பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த எண்ணம் வருவதற்கு முன்பே ‘கவனமில்லை’, ‘சோம்பல்’, ‘விளையாட்டுப் புத்தி’ என்ற முடிவுகள் வந்துவிடுகின்றன. தவறாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுதும் இம்போசிஷன், மாலையில் இன்னொரு டியூஷன், அதற்குப் பிறகும் தேறாவிட்டால் அடி என்று அது நீள்கிறது. இவை எல்லாமே, பலன் தராத ஒரு முறையை இன்னும் கூடுதலாகத் திணிப்பவைதான். இக்குழந்தைகளுக்குத் தேவை கூடுதல் பயிற்சி மட்டுமன்று, வேறு வகையான பயிற்சி.

இக்குறைபாட்டை அறிவோடு தொடர்புபடுத்துவது தவறு என்பது நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. ‘டிஸ்லெக்சியா’ என்ற பெயரை 1887-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் பயன்படுத்தினார். 1896-இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பல ஆண்டுகள் கற்பித்தும் எளிய சொற்களைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. ஆனால் பாடங்கள் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். இன்று நம் வகுப்பறைகளில் உள்ள பல குழந்தைகளுக்கும் இந்த வருணனை அப்படியே பொருந்தும்.

டிஸ்லெக்சியா என்பது பிறவியிலேயே அமைந்த, நரம்பு வளர்ச்சி சார்ந்த ஒரு கற்றல் வேறுபாடு. பேச்சில் வரும் சொல்லைச் சிறுசிறு ஒலிகளாகப் பிரித்து உணர்வதும், அந்த ஒலிகளை எழுத்துகளோடு விரைவாகவும் தானாகவும் இணைப்பதும் இவர்களுக்குக் கடினம். வாசிக்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் மொழியைக் கையாளும் பகுதிகள் மற்றவர்களில் இயங்குவதுபோல் இவர்களில் இயங்குவதில்லை என்றும், முறையான பயிற்சிக்குப் பிறகு அந்த இயக்கமே மாறக்கூடும் என்றும் மூளை வரைபட ஆய்வுகள் காட்டியுள்ளன. எந்த அளவுகோலைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறினாலும், நூற்றில் 5 முதல் 10 குழந்தைகளுக்கு இது இருப்பதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. அதாவது 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர். குடும்பவழியாக வரும் இயல்பும் இதற்கு உண்டு. எனவே தாய், தந்தை, மாமன், அத்தை ஆகியோரில் யாரேனும் பள்ளியில் படிக்கத் திணறினார்களா என்பதைக் கூச்சமின்றி நினைவுகூர்வது நல்லது. கண் பார்வைக் கோளாறோ, வளர்ப்பின் குறையோ, கைப்பேசியோ இதற்குக் காரணமல்ல.

தமிழில் இது எப்படி வெளிப்படும்?

டிஸ்லெக்சியா பற்றிக் கிடைக்கும் தகவல்களில் பெரும்பகுதி ஆங்கிலம் படிக்கும் குழந்தைகளை வைத்து எழுதப்பட்டவை. எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி எழுதுவதுதான் இதன் அடையாளம் என்ற நம்பிக்கை அப்படித்தான் பரவியது. ஆறேழு வயது வரை பல குழந்தைகள் சில எழுத்துகளைத் திருப்பி எழுதுவதுண்டு. தமிழிலோ திருப்பினால் இன்னொரு எழுத்தாகிவிடும் இணைகள் அரிது. ஆகவே அந்த அடையாளத்துக்காகக் காத்திருப்பவர்கள் தமிழ்வழிக் குழந்தைகளைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடக்கூடும்.

ஆங்கிலத்தைப் போலன்றி, தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரிதும் சீரானது. இத்தகைய எழுத்துமுறை கொண்ட மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள குழந்தை காலப்போக்கில் ஓரளவு சரியாகவே படிக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் வேகம் வருவதில்லை. இத்தாலியம், ஜெர்மன், ஃபின்னிஷ் போன்ற மொழிகளில் இது தெளிவாக அறியப்பட்டுள்ளது. எனவே ஐந்தாம் வகுப்புக் குழந்தை பிழையில்லாமல் படித்தாலும், ஒரு பத்தியை முடிக்க வகுப்புத் தோழர்களைவிடப் பலமடங்கு நேரம் எடுத்துக்கொண்டு, முடித்ததும் களைத்துப்போய்ப் பொருளைச் சொல்ல முடியாமல் நின்றால், அதையும் அடையாளமாகவே கொள்ள வேண்டும். ‘படிக்கத்தான் படிக்கிறானே’ என்று விட்டுவிடக் கூடாது.

தமிழ் எழுத்துமுறைக்கே உரிய சில இடர்ப்பாடுகளும் உண்டு. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் இருப்பதால், அவற்றை முழுதும் கைவசப்படுத்த எந்தக் குழந்தைக்கும் முதலிரண்டு வகுப்புகளுக்கு மேலும் ஆகலாம். முதல் வகுப்பிலேயே முத்திரை குத்திவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் எழுதப்பட்டாலும் ஒலியில் மெய்யே முதலில் வருகிறது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றிலோ குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தை இடப்பக்கக் குறியை மட்டும் பார்த்துவிட்டுத் ‘தோள்’ என்பதைத் ‘தேள்’ என்றும், ‘கொடு’ என்பதைக் ‘கெடு’ என்றும் படித்துவிடும். புள்ளியைக் கவனிக்காமல் ‘பல்’ என்பது ‘பல’ ஆகும். ‘மு’, ‘ழு’ போன்ற ஒத்த வடிவங்களும், ‘ர’ என்ற எழுத்தும் ‘ா’ என்ற குறியும் குழம்பும். முதலெழுத்தையும் படத்தையும் பார்த்து ஊகித்து, ‘வீதி’ என்று இருக்கும் இடத்தில் ‘வீடு’ என்று படிக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ல, ள, ழ மயக்கமும், ர, ற மயக்கமும், ந, ன, ண மயக்கமும் மட்டுமே இருந்தால் அது டிஸ்லெக்சியா ஆகாது. பேச்சில் இவ்வேறுபாடுகள் தேய்ந்துவிட்ட பகுதிகளில் நன்கு படித்த பெரியவர்களுக்கும் இப்பிழைகள் வருகின்றன. நம் ஆசிரியர்களின் சிவப்பு மை பெரும்பாலும் இவற்றின்மேல்தான் விழுகிறது. உண்மையான தடுமாற்றம் உயிர்க்குறியிலும் மெய்யெழுத்திலும் இருப்பது கண்ணில் படாமல் போகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஓர் எளிய சோதனை உண்டு. சில குழந்தைகள் பாடம் முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவார்கள். வரிமேல் விரல் ஓட, குரல் தங்குதடையின்றி வரும். பாடத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டு, அதை மட்டும் படிக்கச் சொல்லிப் பாருங்கள். அல்லது அதே சொற்களைத் தாளில் வேறு வரிசையில் எழுதிக் காட்டுங்கள். ‘க, கா, கி, கீ’ என்று வரிசையாக ஒப்பிக்கும் குழந்தைக்கு, ‘கீ’ தனியே நின்றால் அடையாளம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரியாவிட்டால், வாசிப்பு என்று நாம் நினைத்தது நினைவாற்றல்தான் என்பது விளங்கும்.

முதலில் எங்கே செல்வது?

கண் பரிசோதனையும் செவிப் பரிசோதனையும் முதலில் முடிய வேண்டும். பார்வைக் குறைவோ செவிக் குறைவோதான் வாசிப்புத் தடுமாற்றத்துக்குக் காரணம் என்று தெரிந்தால் தீர்வு வேறு. அடுத்து வகுப்பாசிரியரிடம், குற்றஞ்சாட்டும் தொனி இல்லாமல், குழந்தை எழுதிய நோட்டுகளையும் வீட்டில் கண்டதைக் குறித்துவைத்த தாளையும் கொண்டுபோய்ப் பேசுங்கள். அரசுப் பள்ளியானால், வட்டார வள மையத்தில் உள்ள, கற்றல் சிக்கல் உள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியரை அழைக்குமாறு தலைமையாசிரியரிடம் கேட்கலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருப்பதால், பள்ளிக்கு வரும் அம்மருத்துவக் குழுவின் வழியாக, குழந்தைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை பெறவும் வழி உண்டு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பல ஆண்டுகளாக மதிப்பீடும் ஆசிரியர் பயிற்சியும் அளித்துவருகிறது.

முறையான மதிப்பீட்டைக் குழந்தை நல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் சேர்ந்து செய்வது நல்லது. பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் வகுத்த சோதனைத் தொகுப்பு இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. வீட்டில் பேசும் மொழியிலும் பள்ளியில் பயிலும் மொழியிலும் வாசிப்பைச் சோதிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஆங்கிலமே கேட்காத குழந்தையை ஆங்கிலப் பத்தியை மட்டும் படிக்கவைத்து முடிவு சொல்வது நியாயமன்று. கவனக்குறைவும் மிகையியக்கமும் கலந்த ஏடிஹெச்டி, கணக்கில் தடுமாறும் டிஸ்கால்குலியா ஆகியவை சேர்ந்தே இருப்பதும் அரிதல்ல. அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டுக்கான நாள் கிடைக்கும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு வரையறையே, திட்டமிட்ட உதவி கொடுத்தும் குறைந்தது ஆறு மாதம் சிக்கல் நீடிக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. எனவே இன்றே தொடங்கும் பயிற்சி எவ்வகையிலும் வீணாகாது. வண்ணக் கண்ணாடி, கண் தசைப் பயிற்சி ஆகியவற்றால் டிஸ்லெக்சியா சரியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் கூட்டாக அறிவித்துள்ளனர். அவற்றுக்கும், சில வாரங்களில் குணமாக்குவதாகச் சொல்லும் மருந்துகளுக்கும் பணத்தைச் செலவழிக்காமல், ஒரு நல்ல சிறப்பாசிரியருக்குச் செலவழியுங்கள்.

எழுத்தையும் ஒலியையும் கற்பிக்கும் முறை

1930-களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹம் என்ற ஆசிரியரும் உருவாக்கிய முறையின் அடிப்படைகள் இன்றும் பயன்படுகின்றன. எதையும் ஊகத்துக்கு விடாமல் நேரடியாகச் சொல்லித் தருவது, எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போவது, கண், காது, வாய், கை நான்கையும் ஒருசேரப் பயன்படுத்துவது ஆகியவையே அவை. தமிழுக்கு இதை எப்படிப் பொருத்துவது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

எழுத்தைத் தொடும் முன் செவிக்குப் பயிற்சி கொடுங்கள். ‘மாம்பழம்’ என்ற சொல்லை மா-ம்-ப-ழ-ம் என்று கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். ‘கால்’, ‘பால்’, ‘வால்’ என்று ஒத்து ஒலிக்கும் சொற்களைத் தேடச் சொல்லுங்கள். எதுகையும் மோனையும் நம் மொழியின் செல்வம், அவற்றைச் செய்யுள் இலக்கணத்துக்கு என்று ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் அந்தாதி விளையாட்டைப் பேருந்துப் பயணத்திலும் ஆடலாம். இவை பழகிய பிறகு, ‘கல்’ என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டு ‘ப்’ போட்டால் என்ன வரும் என்று கேளுங்கள். ‘பல்’ என்ற விடை வருவதற்கு, ‘க’ என்பது ‘க்’, ‘அ’ என்ற இரண்டு ஒலிகளின் சேர்க்கை என்பதைக் குழந்தையின் செவி உணர்ந்திருக்க வேண்டும். இந்த உணர்வு இல்லாமல் உயிர்மெய் அட்டவணையை எத்தனை முறை ஒப்பித்தாலும் அது வெறும் சத்தமாகவே நிற்கும்.

எழுத்துகளை அகர வரிசையில் கற்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே சொல் அமைக்கலாம். ப, ட, ம, க ஆகிய நான்கும் அவற்றின் மெய்களும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம், கட்டம், பக்கம் என்று பல சொற்கள் கிடைக்கும். அவை தடையின்றி வந்த பிறகு ‘ா’ குறியை மட்டும் சேருங்கள்: பாடம், மாடம், காகம், பாப்பா. அதன் பிறகு ‘ி’: படி, மாடி, கட்டி, பாட்டி. ஒரு குறி உறுதியாகப் பதியும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். குழம்பும் இணைகளை ஒரே நாளில் கற்பிக்கவே கூடாது. எகரக் குறி நன்கு பதிந்து சில வாரங்கள் கழிந்த பின்னரே ஏகாரக் குறியை எடுக்க வேண்டும். ல, ள, ழ மூன்றையும் ஒரே பலகையில் எழுதி வேறுபாடு காட்டுவது இக்குழந்தைகளுக்குக் குழப்பத்தையே கற்பிக்கும்.

‘கெ’, ‘கொ’ போன்றவற்றுக்கு அட்டைகள் செய்துகொள்ளுங்கள். மெய்யெழுத்துக்கு ஒரு நிறமும் உயிர்க்குறிக்கு இன்னொரு நிறமும் இருக்கட்டும். குழந்தை முதலில் ‘க்’ என்று சொல்லிக்கொண்டே மெய் அட்டையை வைக்க வேண்டும். பிறகு ‘ஒ’ என்று சொல்லிக்கொண்டே குறிகளை இருபுறமும் நகர்த்திச் சேர்த்து, ‘கொ’ என்று முழுதாக ஒலிக்க வேண்டும். எழுதும் வரிசை வேறு, ஒலிக்கும் வரிசை வேறு என்பதை வாயால் விளக்குவதைவிடக் கை தானாகவே கற்றுக்கொள்ளும். மணலிலோ அரிசித் தட்டிலோ விரலால் பெரிதாக எழுதும்போதும் ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். வாய் மூடி எழுதினால் அது ஓவியமாகிவிடும்.

தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ‘பட்டம்’ என்பதில் வரும் ட வேறு, ‘படம்’ என்பதில் வரும் ட வேறு. குழந்தை எழுத்துக்கூட்டிச் சொல்வது பேச்சில் உள்ள சொல்லைப் போல் ஒலிக்காவிட்டால், தவறு என்று தடுக்காமல், ‘இதை நாம் பேசும்போது எப்படிச் சொல்வோம்?’ என்று கேளுங்கள். தெரிந்த சொல்லானால் குழந்தையே திருத்திக்கொள்ளும்.

நீண்ட சொற்கள் மேல்வகுப்புகளில் பெருஞ்சுமையாகின்றன. ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதைப் படித்து, கொண்டு, இருந்தார்கள் என்று பென்சிலால் கோடிட்டுப் பிரித்துக் கொடுங்கள். அடிக்கடி வரும் ‘இருந்தது’, ‘ஆகிய’, ‘உடைய’, ‘கொண்டு’ போன்ற பகுதிகளை ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழக்குங்கள். வீட்டில் ‘வந்துட்டான்’ என்று மட்டுமே கேட்ட குழந்தைக்கு ‘வந்துவிட்டான்’ என்பது ஏறக்குறையப் புதிய சொல். தினமும் நல்ல எழுத்துத் தமிழில் கதை வாசித்துக் காட்டினால், அச்சொற்கள் கண்ணுக்கு வருமுன் காதுக்குப் பழகியிருக்கும்.

சரியாகப் படிக்கத் தொடங்கிய பிறகு வேகத்துக்கான பயிற்சி. ஐம்பது, அறுபது சொற்கள் கொண்ட ஒரு பத்தியை முதலில் பெரியவர் படித்துக் காட்டி, அடுத்து இருவரும் சேர்ந்து படித்து, பிறகு குழந்தை தனியே மூன்று நான்கு முறை படிக்கட்டும். குழந்தை தடுமாறினால் சில நொடிகள் பொறுத்து, சொல்லை நீங்களே சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். எழுத்து சற்றுப் பெரிதாகவும் வரி இடைவெளி தாராளமாகவும் இருக்கட்டும். நாளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் வாரத்தில் ஐந்து நாளாவது தொடர வேண்டும். பலன் மாதக்கணக்கில்தான் தெரியும். சிலருக்கு ஆண்டுகளும் ஆகும்.

ஆங்கிலம் தனிப் பிரச்சினை. 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதும் மொழி அது, ஒழுங்கின்மையும் அதிகம். குழந்தை பேசும் மொழியில் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு முதலில் பிடிபட்டால், அதே திறன் ஆங்கிலத்துக்கும் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

வாசிப்புக்காக அறிவை நிறுத்திவைக்காதீர்கள்

இரண்டாம் வகுப்பு அளவில் வாசிக்கும் ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு ஆறாம் வகுப்பு அறிவியல் புரியும். ஆகவே பாடங்களை வாசித்துக் காட்டுங்கள், ஒலிப்பதிவு செய்து கொடுங்கள், கைப்பேசியில் தமிழை உரக்கப் படிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். இது குறுக்குவழி ஆகாது. வாசிப்பு தேறும்வரை பாடத்தை நிறுத்திவைத்தால் சொல்வளமும் பொதுஅறிவும் சேர்ந்தே பின்தங்கிவிடும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை பல. அவற்றில் செலவில்லாததும் மிக முக்கியமானதும் ஒன்று உண்டு. முன்னறிவிப்பின்றி வகுப்பின் முன் எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். அந்தச் சில நிமிட அவமானத்துக்கு அஞ்சியே பல குழந்தைகள் காலையில் வயிற்றுவலி என்கிறார்கள். படிக்கவைக்க விரும்பினால் முதல் நாளே பத்தியைக் கொடுத்து வீட்டில் பழகிவரச் செய்யுங்கள். கரும்பலகையிலிருந்து நீளமாக எழுதியெடுக்கச் சொல்லாமல் நகல் கொடுங்கள். அறிவியல் விடையில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். எழுத முடியாததை வாய்மொழியாகக் கேளுங்கள்.

குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. ‘உனக்கு அறிவு குறைவில்லை, எழுத்தைப் படிக்க உன் மூளை வேறு வழியில் உழைக்கிறது, அதற்கென்று ஒரு பயிற்சி இருக்கிறது, நான் உன்னோடு உட்காருவேன்’ என்று சொன்னால் எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும். டிஸ்லெக்சியா உள்ளவர்கள் எல்லோரும் மேதைகள் என்ற ஆறுதல் வேண்டாம். மேதையாகாத குழந்தைக்கு அது இன்னொரு சுமை.

சட்டமும் தேர்வும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு, இத்தகைய குழந்தைகளை விரைவில் கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கையாளுவதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக்குகிறது; 17-ஆம் பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. ஆகவே இவற்றைச் சலுகையாகக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 8 வயது நிறைந்த பிறகே சான்றிதழ் கிடைத்தது. 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் மதிப்பீடு செய்ய வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் அதற்குப் பதிலாகப் புதிய வழிகாட்டுதல் வந்துள்ளதால், இப்போதைய விதியைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். தேர்வு ஏற்பாடுகளைப் பெற அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவின் சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் பொதுவாகக் கேட்கப்படும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு ஓடுவதால் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றைப் புதுப்பித்து, தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும்.

மொழிப்பாட விலக்கைப் பற்றி மட்டும் சற்று நிதானமாக முடிவெடுங்கள். சில குடும்பங்கள் முதலில் கைவிடுவது தமிழைத்தான். தேர்விலிருந்து விலக்குப் பெறுவது வேறு, மொழியையே விலக்கிவிடுவது வேறு. பாட்டி, தாத்தாவுடன் பேசும் மொழியில் கதை கேட்பதும், மெதுவாகவேனும் படிப்பதும் தொடரட்டும்.

சொல்வதை எழுதுபவர் கிடைப்பதாக இருந்தால், அதற்கும் ஒத்திகை வேண்டும். மனத்தில் உள்ள விடையை முழு வாக்கியங்களாக ஒழுங்குபடுத்திச் சொல்வதும், எங்கே பத்தி பிரிக்க வேண்டும், எந்தச் சொல்லுக்குக் கீழே கோடிட வேண்டும் என்று சொல்வதும், எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்டச் சொல்லித் திருத்துவதும் பழக்கத்தால் வருபவை. பள்ளியின் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே இந்த ஏற்பாட்டைத் தருமாறு கேளுங்கள். அதற்கு முன்பே வீட்டில் பழைய வினாத்தாளை வைத்து, குழந்தை சொல்லச் சொல்ல, நீங்கள் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிப் பாருங்கள்.